காறை எலும்புக்கு மேலே

சட்டையைக் கழற்றி நாற்காலி மேல் போட்டுவிட்டு, என் கணவர் எனக்கு முதுகைக் காட்டி நின்றார். நான் சாப்பாட்டு மேஜையில் மறுநாள் வகுப்புக்கான படங்களைப் பரப்பிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "இப்பப் பாரு வாத்தியாரம்மா, எல்லாம் நல்லாத் தெரியுதா?" என்று கேட்டார். தெரிந்தது. தோள்பட்டை எலும்புகள் இரண்டும், அவற்றின் குறுக்கே ஓடும் மேடும், கீழ் முனையும், நடுவில் ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கும் முதுகெலும்பின் முட்டுகளும், பக்கத்தில் விலா எலும்புகளும் தோலுக்கு வெளியே வந்துவிட்டதுபோல் தெரிந்தன. புத்தகத்தில் படம் வரைகிறவன்கூட இவ்வளவு தெளிவாக வரைந்திருக்க மாட்டான். எத்தனை வருடமாக இப்படி ஓர் உடம்பு கிடைக்காதா என்று ஏங்கியிருக்கிறேன். கிடைத்த இடத்தைப் பாருங்கள். "சட்டையைப் போடுங்க, குளிரப்போகுது" என்று மட்டும் சொன்னேன்.

உடற்கூறியல் கற்றுக்கொடுப்பது என் வேலை. மருத்துவம் படித்தவள்தான், ஆனால் நோயாளிகள் இருக்கும் பக்கம் போகாமல் பிணங்கள் இருக்கும் பக்கம் போனவள். காரணம் கேட்பவர்களுக்கு ஆராய்ச்சி, ஆர்வம் என்று ஏதாவது சொல்லிவைப்பேன். உண்மை அதுவல்ல. படிக்கும்போது ஒரு தாயிடம் அவள் குழந்தை இனி இல்லை என்று சொல்லிவிட்டு வரும்படி என்னை அனுப்பினார்கள். போய் அவள் முன்னால் நின்றேன். வாய் திறக்கவே இல்லை. கடைசியில் ஒரு நர்ஸ்தான் வந்து சொன்னாள். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். டிசெக்‌ஷன் ஹாலில் படுத்திருப்பவர்களிடம் யாரும் எதையும் சொல்ல வேண்டியதில்லை. அவர்களுக்கு நடக்க வேண்டியதெல்லாம் நடந்து முடிந்துவிட்டது. என் பிழைப்பும் நிம்மதியாக ஓடியது.

ஆனால் எலும்பும் தசையும் தெரிந்தால் மட்டும் போதாது. மாணவர்கள் நாளை தொடப்போவது மூச்சு விடுகிற ஆட்களை. அதனால் முதலாமாண்டு பிசியோதெரபி பிள்ளைகளுக்கு உயிருள்ள உடம்பில் ஒரு வகுப்பு உண்டு. ஒருவர் சட்டையில்லாமல் சுழல் ஸ்டூலில் உட்காருவார். பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு தொட்டுப் பார்த்து, தோலுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று சொல்ல வேண்டும். கையில் தட்டுப்பட்டதைப் பென்சிலால் தோல் மேலேயே வரைய வேண்டும். அதற்கென்று விற்கிற பென்சில் சரியாக எழுதுவதில்லை என்று நான் புருவப் பென்சில்தான் வாங்குவேன். வருடத்துக்கு ஒரு டஜன் தீரும். என் புருவத்துக்கு ஒரு நாளும் அதைத் தீட்டியதில்லை.

அந்த வகுப்பில் என்னுடைய சட்டம் ஒன்றே ஒன்று. கை பார்த்ததைச் சொல்லு, புத்தகம் பார்த்ததைச் சொல்லாதே. புத்தகத்தில் இருக்கிறதே என்பதற்காகத் தட்டுப்படாததைத் தட்டுப்பட்டதாகச் சொன்ன ஒரு பையனை ஒருமுறை வாசல்வரை துரத்தியிருக்கிறேன். கையால் பொய் சொல்கிறவன் மனுஷனைத் தொடக் கூடாது என்று கத்தினேனாம். எனக்கு அவ்வளவாக நினைவில்லை. வருடா வருடம் சீனியர்கள் அதற்குக் கண் காது மூக்கு வைத்து ஜூனியர்களுக்குச் சொல்கிறார்கள். அவர்கள் எனக்கு வைத்திருக்கும் பெயர் எலும்பம்மா.

வகுப்புக்கு முந்தின நாள் என் கணவர் முதுகில் நான் ஒத்திகை பார்ப்பேன். கல்யாணமான புதிதில் தொடங்கிய பழக்கம். அவர் அப்போதெல்லாம் நல்ல பருமன். குப்புறப் படுக்கச் சொல்லிப் பென்சிலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தால் ஒரு எலும்பும் அகப்படாது. "உங்க உடம்புல எலும்பைத் தேடறதும் மெத்தைக்குள்ள சாவியைத் தேடறதும் ஒண்ணுதான்" என்று திட்டுவேன். "எல்லாம் உன் கைச் சமையல்தான், யாரைத் திட்டறே?" என்பார். முடிந்ததும் துணியில் எண்ணெய் தொட்டு அழித்துவிடுவேன். கூசுகிறது என்று நெளிவார். எனக்கு உதவியாக இருக்க முடியவில்லையே என்று அவருக்கு நிஜமாகவே ஒரு குறை இருந்தது. கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கும், நாங்கள் ஸ்கேல் என்று கூப்பிடும் ஒல்லியான மனிதர்தான் வருடா வருடம் என் வகுப்பில் வந்து உட்காருவார். அவர்மேல் இவருக்குக் கொஞ்சம் பொறாமைகூட உண்டு.

இவர் எடை அளவு ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கடை கடையாகப் போய்த் தராசு சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் வேலை. ஆள் சாது, குரலை உயர்த்தமாட்டார், ஆனால் அந்த வட்டாரத்துக் கடைக்காரர்களுக்கெல்லாம் சிம்ம சொப்பனம். எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று ஒருமுறை கேட்டதற்கு, "தராசு சரியான்னு கடைக்காரன்கிட்டக் கேக்கவே கூடாது. கேட்டா சரின்னுதான் சொல்லுவான். பேசாமப் போயி சாமான் வாங்கற ஆளா நிக்கணும்" என்றார். ஓய்வு பெற்றபோது ஒரு பித்தளை எடைக்கல்லைப் பரிசாகக் கொடுத்தார்கள். காற்றில் கதவு அடித்துக்கொள்ளாமல் இருக்க அதைத்தான் வைத்திருக்கிறோம்.

போன மழைக்காலத்தில் அவருக்குச் சாப்பாடு செல்லவில்லை. இரண்டு கவளத்தில் வயிறு நிறைந்துவிட்டது என்பார். பிறகு வாந்தி. குழாய் விட்டுப் பார்த்த வயிற்று டாக்டர் ஒரு காலத்தில் என்னிடம் படித்தவன். இவரை உள்ளே சட்டை மாட்டச் சொல்லிவிட்டு என்னை நடைபாதைக்குக் கூட்டிக்கொண்டு போனான். வயிற்றைத் தாண்டிப் போய்விட்டது, கத்தி வைத்துப் பிரயோஜனம் இல்லை, மாத்திரையில் கொஞ்ச காலம் ஓட்டலாம் என்றான். அவன் பேசப்பேச என் மனம் பாட்டுக்கு வயிற்றைச் சுற்றியுள்ள இரத்தக் குழாய்களின் பெயர்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டிருந்தது. "சார்கிட்ட நான் சொல்லட்டுமா மேடம், நீங்க சொல்றீங்களா?" என்று கேட்டான். நானே சொல்கிறேன் என்றேன். சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வெளியே வந்தவர் என்ன சொன்னான் என்று கேட்டார். "வயித்துல புண்ணாம். நேரா நேரத்துக்குச் சாப்பிட்டாத்தானே" என்றேன்.

நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தேன். ராத்திரி வேறு ஊரில் இருக்கும் மகளுக்குப் போன் செய்தேன். அழுது முடித்துவிட்டு, அப்பாகிட்டச் சொல்லிடாதம்மா, அவர் தாங்கமாட்டார் என்றாள். எனக்கும் அது வசதியாக இருந்தது. தாங்கமாட்டாதவள் யார் என்று எனக்குத் தெரியாதா? அந்த நாளைக்கு வரவே இல்லை. மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்துக் கையில் கொடுத்துவிடுவேன், பெயரைப் படித்துவிடக் கூடாதே என்று. அவர் ஒன்றும் கேட்காமல் முழுங்குவார். ஒருநாள் குளியலறை எடை மெஷினில் ஏறி இறங்கிவிட்டு, கதவோரத்தில் இருந்த பித்தளைக் கல்லைத் தூக்கிக்கொண்டு போய் அதன்மேல் வைத்துப் பார்த்தார். "மெஷின் சரியாத்தான் இருக்கு" என்றார். வயசானா எடை குறையும்தானே என்றேன். ஆமாம் என்றார்.

அதற்கப்புறம் அந்தக் கட்டி. குளித்துவிட்டு வந்தவருக்குத் தலை துவட்டிக்கொண்டிருந்தேன். கழுத்துக்குக் கீழே இரண்டு பக்கமும் ஓடுகிற காறை எலும்பில், இடது பக்கத்து எலும்புக்குச் சற்று மேலே, என் விரல் ஒரு பட்டாணி அளவில் எதன்மேலோ ஏறி இறங்கியது. கையை எடுத்துவிட்டேன். எடுத்த வேகத்தில் அவருக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும், தானும் தொட்டுப் பார்த்து இது என்ன என்று கேட்டார். "சளி புடிச்சிருக்குல்ல, நெறி கட்டியிருக்கு" என்றேன். பிள்ளைகள் யாராவது அப்படிச் சொல்லியிருந்தால் தோலை உரித்திருப்பேன். அவர் ஓகோ என்று தலையை ஆட்டிவிட்டுத் துண்டை வாங்கிக்கொண்டார்.

இந்த வருடம் வகுப்புக்கு ஸ்கேல் வர முடியாது என்று சொல்லிவிட்டார். குடலிறக்க ஆபரேஷன் ஆகிப் படுத்திருக்கிறார். அதைத்தான் மேஜையில் படங்களைப் பரப்பும்போது வாய் தவறி உளறிவிட்டேன். உடனே எழுந்து சட்டையைக் கழற்றிக்கொண்டு நிற்கிறார் மனிதர். நாளைக்கு நான் வருகிறேன் என்றார். எனக்கு வந்த கோபத்தில் படங்களையெல்லாம் சுருட்டி மேஜைமேல் எறிந்தேன். உங்களுக்கு என்ன பைத்தியமா, உடம்பு இருக்கிற நிலைமையில் சட்டையில்லாமல் பிள்ளைகள் முன்னால் உட்காருவீர்களா, அது என்ன கண்காட்சியா என்று சத்தம் போட்டேன். அவர் மறுபடியும் சட்டையை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். பொத்தானைப் போட்டுக்கொண்டே, "இத்தனை வருஷமா உனக்கு ஆகாத உடம்பு, இப்பத்தான் ஆகுற மாதிரி வந்திருக்கு. ஒரு தடவை வந்துட்டுப் போறேனே" என்றார். நோய் வந்ததிலிருந்து அவர் என்னிடம் எதையும் வேண்டும் என்று கேட்டதில்லை. இதைக்கூட மறுக்க நான் யார்? முதுகு மட்டும்தான், கழுத்துக்கு வரமாட்டேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவரிடமும் சொன்னேன். "முதுகு மட்டும்தான். சம்மதமா?" சம்மதம் என்றார்.

வகுப்பறை டிசெக்‌ஷன் ஹாலுக்குப் பக்கத்து அறை. என்ன கழுவினாலும், பிணங்களைக் கெடாமல் வைக்கிற பார்மலின் வாடை கதவிடுக்கு வழியாக வந்துகொண்டே இருக்கும். ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, மின்விசிறியை நிறுத்தி, ஸ்டூலை நடுவில் போட்டேன். இன்றைக்கு நமக்காக வந்திருக்கிறவர் என்றுதான் பிள்ளைகளிடம் சொன்னேனே தவிர என் கணவர் என்று சொல்லவில்லை. அவரும் காட்டிக்கொள்ளவில்லை. வணக்கம் சொல்லிவிட்டு, சட்டையை அழகாக மடித்து மடிமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பிள்ளைகள் அவரைப் பார்த்ததும் கொஞ்சம் திகைத்துப்போனார்கள். நான் எல்லோரையும் உள்ளங்கையைத் தேய்த்துச் சூடாக்கச் சொன்னேன். பக்கத்து அறையில் இருப்பவர்கள் குளிருகிறது என்று சொல்லமாட்டார்கள், இவர் சொல்வார் என்றேன். நான் சொல்லமாட்டேன் என்றார் அவர். சிரிப்பு எழுந்தது, இறுக்கமும் போயிற்று.

முதுகு நன்றாகவே போயிற்று. இவ்வளவு நன்றாக ஒரு வருடமும் போனதில்லை என்று சொன்னால் கேட்பவர்கள் என்னை என்ன நினைப்பார்களோ தெரியவில்லை. தலையைக் குனியச் சொன்னால் பிடரியில் முட்டிக்கொண்டு எழும் எலும்பு, அங்கிருந்து ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு இறங்க வேண்டியது. கையைத் தூக்கச் சொன்னால் தோள்பட்டை எலும்பு தோலுக்குக் கீழே வழுக்கிக்கொண்டு போவது கண்ணுக்கே தெரிந்தது. வருடா வருடம் எதுவும் தட்டுப்படாமல் முழிக்கிற பிள்ளைகள்கூட முகம் மலர்ந்து சொன்னார்கள். புருவப் பென்சில் கோடுகள் அவர் முதுகு முழுக்க ஏறி இறங்கின. அவர் நெளியவே இல்லை. எனக்குப் பெருமையாக இருந்தது, பெருமைப்படவும் முடியவில்லை. இவர்கள் இவ்வளவு சுலபமாகப் படிக்கிற ஒவ்வொரு எலும்பும் நான் இழந்துகொண்டிருப்பது அல்லவா?

முடித்துவிடலாம் என்று நினைத்தபோது அவர் காலைத் தரையில் ஊன்றி ஸ்டூலை அரைவட்டம் சுற்றிப் பிள்ளைகளைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். "முதுகையே பாத்துக்கிட்டிருந்தா எப்படிம்மா? முன்னாலயும் கொஞ்சம் பாருங்க" என்றார். இன்றைக்குப் பாடம் முதுகு மட்டும்தான், காறை எலும்பெல்லாம் இல்லை என்றேன். எனக்கு இருக்கே என்று கழுத்துக்குக் கீழே தட்டிக் காட்டினார். பிள்ளைகள் சிரித்தார்கள். நான் அவருக்குப் பின்னால் நின்றிருந்தேன், முகம் தெரியவில்லை. காதும் பிடரியும் மட்டும் தெரிந்தன. சம்மதம் என்று சொன்ன மனிதர் இப்படிச் செய்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் ஒரு பெண் கையைத் தேய்த்துக்கொண்டு முன்னால் வந்துவிட்டாள்.

அவள் எப்போதும் நகம் கடித்துக்கொண்டிருக்கும் பெண். இந்த வகுப்புக்கு நகம் ஒட்ட வெட்டியிருக்க வேண்டும், இவளுக்கு அந்தக் கவலையே இல்லை என்று நான் கேலி செய்வதுண்டு. மற்றபடி அதிகம் பேசமாட்டாள். ஆனால் கை நல்ல கை. கண்ணை மூடிக்கொண்டு வலது காறை எலும்பில் தொடங்கி, தொண்டைக் குழியைத் தாண்டி, இடது பக்கம் போனாள். எலும்பின்மேல் போன விரல் அதற்கு மேலே இருந்த குழியில் இறங்கியது. நின்றது. திரும்ப வந்தது. மறுபடி நின்றது. வகுப்பில் கற்றுக்கொடுத்தபடி கண்ணைத் திறக்காமலே பென்சிலுக்காகக் கையை நீட்டினாள், யாரோ கொடுத்தார்கள், அந்த இடத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டாள்.

"மேடம், இங்க ஒண்ணு இருக்கு. புத்தகத்துல இல்ல" என்றாள். பயத்தோடுதான் சொன்னாள். கை என்ன சொல்லுது என்று கேட்டேன். வாய் பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டது. கல் மாதிரி இருக்கிறது, தள்ளினால் நகரவில்லை என்றாள். அவரிடம் குனிந்து வலிக்கிறதா சார் என்று கேட்டாள். இல்லைம்மா என்றார். அது இருக்கட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று நான் கையில் இருந்த படத்தைச் சுருட்டத் தொடங்கினேன். அப்போதுதான் அவள் கேட்டாள்.

"சளி புடிச்சா நெறி கட்டும்ல மேடம், அதுதானே? அப்படியே எழுதிக்கவா?"

எல்லோர் கையிலும் பேனா இருந்தது. நான் ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், எழுதிவிடுவார்கள். எழுதிக்கொண்டு போய், என்றைக்கோ ஒருநாள், வலிக்கிற தோளைக் காட்ட வந்த யாரோ ஒருவருடைய காறை எலும்புக்கு மேலே இதேபோல் ஒன்றைத் தொட்டுவிட்டு, சளிதான், ஒன்றுமில்லை போங்கள் என்று அனுப்பிவைப்பார்கள். அந்த ஆள் எழுந்து போவதுகூட எனக்குத் தெரிந்தது. ஆனால் இந்த ஆள் இங்கே உட்கார்ந்திருக்கிறாரே. நோயாளி கேட்க அவர் நோயைப் பேசாதே என்று இதே பிள்ளைகளுக்குச் சொல்லியிருப்பவள் நான். அவர் தலையை லேசாகத் திருப்பினார், என்னைப் பார்க்கும் அளவுக்கு அல்ல. "சொல்லுங்க மேடம். புள்ளைங்க கேக்கறாங்கல்ல" என்றார். வாழ்நாளில் அவர் என்னை மேடம் என்று கூப்பிட்டது அந்த ஒரு முறைதான். சாமான் வாங்குகிற ஆளாக வந்து நின்றிருக்கிறார் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"எழுதாத" என்றேன். "சளியில கட்டற நெறி மேல இருக்கும், தாடைக்குக் கீழ. தொட்டா வலிக்கும், நகரும். இது அது இல்ல. வயித்துலேர்ந்து நிணநீர்க் குழாய் ஒண்ணு மேல ஏறி வந்து இடது பக்கம் இந்த இடத்துலதான் கொட்டுது. அதனால இங்க இப்படி ஒண்ணு தட்டுப்பட்டா, காரணத்தைக் கழுத்துல தேடாதீங்க. வயித்துல தேடுங்க."

பேனாக்கள் ஓடின. அவள் மட்டும் எழுதவில்லை. "வயித்துலன்னா புண்ணா மேடம்?"

"புண் இல்ல" என்றேன்.

பிள்ளைகள் ஒவ்வொருவராக எழுதுவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார்கள், பிறகு தரையைப் பார்த்தார்கள். அந்தப் பெண் கையை வாய்க்குக் கொண்டுபோய்விட்டு, நினைவு வந்து இறக்கினாள். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. அவர்தான் அவளைப் பார்த்து, நல்ல கைம்மா உனக்கு, எழுதிக்கோ என்றார். பிறகு இன்னும் யாராவது பார்க்க வேண்டுமா என்று கேட்டார். வந்தார்கள். ஒருவர் விடாமல் வந்து, கையைச் சூடாக்கி, கண்ணை மூடிக்கொண்டு அந்த வட்டத்துக்குள் விரலை வைத்துப் பார்த்துவிட்டு, நன்றி சார் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நான் பின்னாலேயே நின்றேன்.

வீட்டுக்கு வந்தோம். சாயங்கால வெயில் குளியலறை ஜன்னல் வழியாக விழுந்துகொண்டிருந்தது. அவர் முக்காலியில் உட்கார்ந்தார். நான் துணியில் எண்ணெய் தொட்டுப் பிடரியிலிருந்து அழிக்க ஆரம்பித்தேன். பாதி முதுகு ஆனதும் கையை எடுக்காமலே, எப்போதிலிருந்து சந்தேகம் என்று கேட்டேன்.

"நீ திட்டறத நிறுத்தினேல்ல, அன்னிக்கே" என்றார். "தட்டுல சோத்தை மிச்சம் வச்சேன், ஒரு வார்த்தை பேசாம எடுத்துட்டுப் போனே. முப்பது வருஷத்துல நடக்காதது. சரி, பெருசா ஏதோ இருக்குன்னு வச்சுக்கிட்டேன்."

கேட்டிருக்கலாமே என்றேன். கேட்டால் நீ புண் என்றுதான் சொல்லியிருப்பாய் என்றார். அதில் கோபம் எதுவும் இல்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "வீட்டுல நான் வாத்தியார் இல்லீங்களே" என்றேன். அப்புறம் அழுதேன். மறைத்துப் பழகிப்போனதால் அழுகைகூடச் சரியாக வரவில்லை, விக்கல் போல் வந்தது. பயமாக இருக்கிறது என்று சொன்னேன். அவர் பின்னால் கையை நீட்டி, எண்ணெய்க் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கும்தான் என்றார். எவ்வளவு காலம் என்று கேட்டார். டாக்டர் எனக்குச் சொன்னதை அப்படியே சொன்னேன், கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. அவர் தலையை ஆட்டிக்கொண்டார். அடுத்த மழைக்காலத்துக்குள் ஜன்னல் கதவைச் சரிசெய்ய வேண்டும், உன்னால் அதை இழுத்துச் சாத்த முடியாது என்றார்.

மீண்டும் துடைக்க ஆரம்பித்தேன். முதுகில் கோடுகள் எல்லாம் கரைந்து சாம்பல் நிறமாகித் துணியில் இறங்கின. முன்பெல்லாம் இதே வேலைக்கு எவ்வளவு இடம் இருந்தது, இப்போது நாலு இழுப்பில் முடிந்துவிடுகிறது. முன்பக்கம் வந்து நின்றேன். கழுத்துக்குக் கீழே அந்த வட்டம் மட்டும் இருந்தது, இத்தனை விரல்கள் பட்டும் கலையாமல். துணியைக் கொண்டுபோனேன். அந்த நேரம் பார்த்துக் கூடத்தில் போன் அடித்தது. மகள்தான், தினமும் இந்த நேரத்துக்குத்தான் கூப்பிடுவாள். ஓடிப்போய் எடுத்தேன். என் குரல் தெளியாமல் இருந்ததால் ஒன்றும் பேசாமல் அவரிடம் கொண்டுவந்து கொடுக்கப்போனேன். வாங்குவதற்குமுன் அவர் போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னிடம் தணிந்த குரலில் பேசினார்.

"அவகிட்ட எனக்குத் தெரிஞ்சிடுச்சுன்னு சொல்லாத. பாவம், ரொம்பக் கஷ்டப்பட்டு மறைக்கறா."

பிறகு காதில் வைத்துக்கொண்டார். முக்காலியில் திரும்பி முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார், பிடரியில் விட்டுப்போன ஒரு கோட்டை அழிக்கச் சொல்லி விரலால் காட்டினார். ஆமாம்மா, சாப்பிட்டேன், எல்லாம் சாப்பிட்டேன் என்றார். இன்றைக்கு உங்கம்மா காலேஜுக்குப் போயிருந்தேன், பிள்ளைகளுக்கெல்லாம் என்னை ரொம்பப் பிடித்துவிட்டது என்றார். "சும்மா புண்ணுதாம்மா, ஆறிக்கிட்டு வருது. உங்கம்மாதான் எதுக்கெடுத்தாலும் பயப்படுறா" என்றார். அந்தப் பக்கம் மகள் ஏதோ சொன்னாள். அவர் சிரித்தார். நல்ல சிரிப்பு, பழைய சிரிப்பு. துணியைப் போட்டுவிட்டு, கையைத் தேய்த்துச் சூடாக்கி, அவர் முதுகில் வைத்தேன். என் உள்ளங்கைக்குக் கீழே விலா எலும்புகள் விரிந்து அடங்கிக்கொண்டிருந்தன. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.